மரத்தின் மேல் முத்திரை

எங்கள் கல்லூரி நூலகத்தின் தென்மூலையில் நான்கு தட்டுகளுடைய புத்தக அலுமாரி ஒன்று இருக்கின்றது. பார்வைக்கு எளியது, மெருகும் சித்திரவேலையும் இல்லாதது. கடல் கடந்து வாழும் பழைய மாணாக்கர் சிலர், சில ஆண்டுகளுக்கு முன்னர், நூலகத்துக்கென நூல்களை மரப்பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் அனுப்பியிருந்தனர். நூல்களை எடுத்து அடுக்கிய பின்னர் வெறும் பெட்டிகளை அடுப்புக்கு அனுப்ப மனம் ஒருப்படாமையால், எங்கள் ஊர் ஓடாவியாரை அழைத்துக் காட்டினேன். அவர் பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மணந்தும் பார்த்தார்.

"நல்ல பைன் பலகை, ஐயா. எரிக்கிறது பாவம். நாலு தட்டு வைச்சு ஓர் அலுமாரி எடுக்கலாம்" என்றார்.

அவ்வாறே எடுத்தும் கொடுத்தார். அலுமாரி வந்த அன்று, நூல்களை அடுக்க உதவிய மாணவன் ஒருவன் பக்கப்பலகையில் ஏதோ சூட்டுக்கோலால் இட்டாற்போன்ற ஒரு குறியைக் கண்டு நின்றான். சிறிய சதுரம் ஒன்று, அதனுள் ஒரு கோதுமைக் கதிர், அருகே நாட்டைக் குறிக்கும் எழுத்துக்கள், சில இலக்கங்கள், ஈற்றில் எச். ரி. என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்கள்.

"ஐயா, இது கடைக்காரர் இட்ட குறியோ, அரசாங்கம் இட்ட குறியோ?" என்று கேட்டான்.

சேரர் வில்லும் பாண்டியர் கயலும் சோழர் புலியும் என்று முத்திரைகளை ஆண்டுதோறும் வகுப்பில் விரித்துரைக்கும் எனக்கு, என் கண்முன் நின்ற பலகையின் முத்திரை யாது என்று சொல்லத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, விசாரித்துச் சொல்வதாக வாக்களித்தேன். அவ்விசாரணை என்னை நெடுந்தூரம் இட்டுச் சென்றது. அதிற் கண்டவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

புலியும் கதிரும்

பட்டினப்பாலையைப் பாடஞ் சொல்லுங்கால் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்துறையைச் சொல்லாது விடும் ஆசிரியர் இலர். கடலினின்று கரையேறுவனவும் கரையினின்று கடலிற் செல்வனவுமாகிய பண்டங்களின்மேற் புலிப்பொறி இடப்பெற்ற செய்தியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்நூலிற் கூறுகின்றார். அப்பொறியின் பொருள் தெளிவானது. இப்பண்டம் அரசன் காவலுக்கு உட்பட்டது, கணக்கில் ஏறியது, இதன்மேல் எவனும் கைவைத்தலாகாது என்பதே அது. அரசு பண்டத்தை நோக்கிக் கேட்ட கேள்வி, "உன் அளவு யாது? உன்னால் எமக்கு வரும் இறை யாது?" என்பது.

எங்கள் அலுமாரியின் கதிர்முத்திரை வேறொரு கேள்விக்கு விடையாக இடப்பட்டது. "நீ நோயுற்றனையோ?" என்பதே அக்கேள்வி.

1951 ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் சார்பில், பயிர்களைப் பிறநாட்டு நோய்களினின்றும் காப்பதற்கென ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. கதிர் அவ்வுடன்படிக்கையின் சின்னம். அதன்கீழ் 2002 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட 15 ஆவது நியமம் பண்டம் அடைக்கும் மரத்தைப் பற்றியது. நாடு விட்டு நாடு செல்லும் பண்டத்தைச் சுமந்து செல்லும் பெட்டி, தட்டு, முட்டுக்கட்டை ஆகியவற்றின் மரம் முதலிற் பட்டை உரிக்கப்படல் வேண்டும். தப்பி நிற்கும் பட்டைத்துண்டு 3 சென்ரிமீற்றர் அகலத்துக்குக் குறைந்ததாயிருத்தல் வேண்டும். அகலம் மிகுந்ததாயின் அதன் பரப்பு 50 சதுர சென்ரிமீற்றருக்குக் குறைதல் வேண்டும். பின்னர், மரத்தின் நடுவயிரம் வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறி, இடையறாது 30 நிமிடம் நிற்கும்படி சூடேற்றல் வேண்டும். எச். ரி. என்னும் எழுத்துக்கள் அவ்வெப்பத்தையே குறிக்கின்றன. நச்சுப்புகை ஊட்டும் முறையும் உண்டு. ஆயினும் அப்புகை வானத்து ஓசோன் படையைக் கெடுப்பதனால் வெப்பமே விரும்பப்படுகின்றது. 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத மென்பலகைக்கும், பசையும் வெப்பமும் அழுத்தமும் கொண்டு செய்த ஒட்டுப்பலகைக்கும் இவ்விதி இல்லை. பூச்சி வாழ அவற்றில் இடமின்மையே காரணம்.

இதனை அறிந்து வந்து ஓடாவியாருக்குச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"பெட்டிப் பலகைக்கும் கடவுச்சீட்டோ, ஐயா? உலகத்திலை வேறை வேலை இல்லையோ?"

அவர் சிரித்ததில் வியப்பில்லை. பெட்டிப் பலகைக்கு இத்துணைக் கட்டுப்பாடு வேண்டப்பட்டது ஏன் என்பதை அறிய, வேறொரு மரத்தின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

எல்ம் மரத்தின் கதை

ஆங்கிலக் கவிதை பயின்றார்க்கு எல்ம் மரம் புதியதன்று. பிரித்தானியாவின் வயல்வரப்புகளிலும் கோயில் முற்றங்களிலும் ஓங்கி நின்ற பெருமரம் அது. அதன் மரம் நீரிற் கிடந்தாலும் எளிதிற் கெடாது; ஆதலின் தோணியின் அடிமரத்துக்கும் நிலத்தடி நீர்க்குழாய்க்கும் பயன்பட்டது; பிளவாத இயல்பினதாதலின் வண்டிச் சில்லின் குடத்துக்கும் நாற்காலியின் இருக்கைக்கும் பயன்பட்டது.

முதலாம் உலகப்போரின் இறுதிக்காலத்தை ஒட்டி ஐரோப்பாவில் எல்ம் மரங்கள் காரணம் தெரியாது வாடத் தொடங்கின. ஒல்லாந்து நாட்டுப் பெண் விஞ்ஞானிகள் 1920 களில் அதனை ஆராய்ந்து, ஒரு பங்கசே அந்நோய்க்குக் காரணம் என நிறுவினர். அவர்கள் ஆராய்ந்து கண்டமையாலேயே அது ஒல்லாந்து எல்ம் நோய் எனப் பெயர் பெற்றது. நோயைக் கண்டுபிடித்த நாட்டின் பெயர் நோய்க்கே ஆகிவிட்டமை ஒரு விந்தை.

இந்நோயின் நடை இது. சிறு வண்டு ஒன்று நலிந்த எல்ம் மரத்தின் பட்டைக்கும் மரத்துக்கும் இடையே குடைந்து முட்டையிடும். அங்கு வளர்ந்து வெளிப்படும் குஞ்சு வண்டுகள் தம் உடலிற் பங்கசின் வித்துக்களைச் சுமந்துகொண்டு நலமான மரத்தை நாடிச்சென்று அதன் இளங்கொம்பைக் கடிக்கும். கடிவாய் வழியே பங்கசு உள்நுழையும். மரம் அப்பகையைத் தடுக்கும் பொருட்டுத் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைத்துக்கொள்ளும். நீர் ஏறாது வாடி இறக்கும். பகைவன் புகாமைப் பொருட்டுக் கோட்டைக் கதவை அடைத்தவன் உள்ளே நீர்வேட்கையால் மாண்டது போல்வது இது.

வண்டு தானாகச் சமுத்திரத்தைத் தாண்டாது. அதனைத் தாண்டுவித்தது மரவாணிகம். மெல்லிய மரத்தகடு செய்தற்கென ஐரோப்பாவினின்றும் பட்டையோடு இறக்குமதியான எல்ம் கட்டைகளோடு நோய் அமெரிக்கா சென்றது. 1930 இல் ஒகையோ மாநிலத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. வீதிகள்தோறும் எல்ம் மரத்தை நிழலுக்கென நட்டிருந்த அமெரிக்க நகரங்கள் பல, பின்வந்த ஆண்டுகளில் அந்நிழலை இழந்தன.

கதை அத்துடன் முடியவில்லை. முன்னையதினும் கொடிய பங்கசு ஒன்று வட அமெரிக்காவில் இருந்தது. 1960 களில் தோணி கட்டுதற்கென அங்கிருந்து பட்டையோடு பிரித்தானியாவுக்கு இறக்குமதியான எல்ம் கட்டைகளோடு அதுவும் வந்திறங்கிற்று. 1973 இல் கிளைவ் பிரேசியர், ஜோன் கிப்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இவ்வழியை ஆராய்ந்து வெளிப்படுத்தினர். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பிரித்தானியாவில் 25 மில்லியனுக்கு மேற்பட்ட எல்ம் மரங்கள் மடிந்தன. பிறைற்றன் நகரம் போன்ற சில இடங்களில் மட்டும், நோயுற்ற மரத்தை உடனுக்குடன் தறித்தெறியும் விழிப்பினால் அம்மரங்கள் பிழைத்து நிற்கின்றன. கட்டையின் பட்டையை உரித்த பின்னரே கப்பலில் ஏற்றுக என்னும் ஒரு சிறு விதி, ஏற்ற காலத்திற் கண்டிப்பாக நடைபெற்றிருப்பின் என் செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். நியமத்தில் 3 சென்ரிமீற்றர் என்று காணப்படும் அளவு வீண் கண்டிப்பன்று.

பெட்டி மரத்தின் செய்தியும் இத்தகையதே. நெடுங்கொம்புகளையுடைய ஆசிய வண்டு ஒன்று 1996 இல் நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதி மரங்களிற் கண்டுபிடிக்கப்பட்டது. அது பண்டம் அடைத்த மரத்தோடு வந்ததென்பது துணிவு. 2002 இல் அமெரிக்காவின் டிற்ரோயிற் நகருக்கு அண்மையில் மரகத நிறமுள்ள மற்றொரு வண்டு வெளிப்பட்டது. ஆஷ் என்னும் மரத்தின் பட்டைக்கீழ் வாழும் அது, பின்வந்த இருபதாண்டுகளிற் கோடிக்கணக்கான மரங்களை மாய்த்தது. அதுவும் பெட்டி மரத்தில் வந்திருத்தல் வேண்டும் என்பர். 15 ஆவது நியமம் பிறந்த ஆண்டும் 2002 என்பதை நோக்குக. மருந்து கண்ட ஆண்டிலேயே, அம்மருந்து எட்டாத நோய் ஒன்றும் வெளிப்பட்டது.

நம் நாட்டுக்கும் இப்படிப்பினை புதியதன்று. 1869 இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பிச் செடியின் இலையில் ஒரு செம்மஞ்சட் பொட்டுத் தோன்றிற்று. அப்பங்கசு பரந்ததனால் இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கை வீழ்ந்தது. மலைநாடு தேயிலை நாடாயிற்று. அங்கு உழைக்க வந்த தமிழ் மக்களின் வாழ்வும் அதனோடு மாறிற்று. ஓர் இலைப்பொட்டு ஒரு சமுதாயத்தின் வரலாற்றை மாற்றவல்லது என்பதற்கு வேறு சான்று வேண்டா. 1924 ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் நம் துறைமுக வாயிலிற் காவல் நிற்பது இது காரணமாகவே.

பூச்சியின் ஆற்றலைத் தமிழ் கற்றார்க்கு எடுத்துரைத்தல் மிகை. இராமபாணமும் செல்லும் தின்று தீர்த்த ஏடுகளில் எத்தனை நூல்கள் இறந்துபட்டன! எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை அச்சேற்றியது 1887 இல். ஒரு புழு ஓர் இலக்கியத்தைத் தின்னவல்லதாயின், ஒரு வண்டு ஒரு காட்டைத் தின்னவல்லது என்பதில் ஐயம் யாது?

இரண்டாவது கேள்வி

எங்கள் வீட்டின் தலைவாசல் நிலை பர்மாத் தேக்கு. என் பாட்டனார் காலத்தில் அமைந்தது. போர்க்காலத்திற் கூரையும் கதவும் தீராந்தியும் போயின. இடம்பெயர்ந்து மீண்டு வந்தபோது நிலை ஒன்றே நின்றது. அதனை அன்புடன் தடவிப் பார்த்த நாள் இன்றும் நினைவில் உண்டு. ஆயினும் அம்மரம் எக்காட்டிலிருந்து வந்தது, எவர் வெட்டினர், உரிமையோடு வெட்டினரா என்று என் பாட்டனார் கேட்டதில்லை. கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. மரக்காலையில் நல்ல மரம் எது, விலை என்ன என்பதோடு கேள்வி முடிந்தது.

இக்காலத்தில் துறைமுக வாயிலில் மரத்தை நோக்கி இரண்டாவது கேள்வி ஒன்று கேட்கப்படத் தொடங்கியுள்ளது. "நீ களவாடப்பட்டனையோ?" என்பது அது.

இக்கேள்வி எழுந்த காரணம் சிந்திக்கத்தக்கது. 1988 இன் இறுதியில் தாய்லாந்திற் பெருவெள்ளம் மக்களைக் கொன்றது. காடழிந்தமையே காரணம் என்று மக்கள் கொதித்தெழ, 1989 இல் அரசு இயற்கைக் காட்டில் மரம் வெட்டுதலைத் தடுத்தது. 1990 இல் இலங்கையும் தன் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதலை நிறுத்திற்று. 1998 இல் யாங்சி ஆற்று வெள்ளத்தின் பின்னர்ச் சீனமும் அவ்வாறே தடைசெய்தது. இவை யாவும் போற்றத்தக்க செயல்கள். ஆயின், காட்டை அடைத்தமையால் மக்களுக்கு மரத்தின் தேவை ஒழிந்துவிட்டதோ? இல்லை. தாய்லாந்தின் வாள் பர்மாவையும் லாவோசையும் கம்போடியாவையும் நாடிற்று. சீனத்தின் ஆலைகள் உலகின் பல காடுகளினின்றும் கட்டைகளை வரவழைத்தன. தன் வீட்டு முற்றத்து மரத்துக்கு வேலி கட்டியவன் அயலான் வளவில் விறகு தறிப்பித்தால், அவனுக்கு மரத்தின்மேல் அன்புண்டு என்று சொல்லலாமோ?

எனவே, தன் காட்டைக் காக்கும் சட்டம் இருந்தால் மட்டும் போதாது. தான் வாங்கும் மரத்தைப் பற்றியும் நாடு வினாவுதல் வேண்டும் என்னும் எண்ணம் தோன்றிற்று. வாங்குபவனைப் பொறுப்பாளியாக்கும் முதற் பெருஞ்சட்டம் அமெரிக்க ஐக்கிய நாட்டினது. 1900 இல் களவாக வேட்டையாடிய பறவையும் விலங்கும் விலைபோவதைத் தடுத்தற்கென இயற்றப்பெற்ற லேசி சட்டம், 2008 இல் மரத்துக்கும் விரிக்கப்பட்டது. பிறநாட்டுச் சட்டத்துக்கு மாறாக வெட்டிய மரத்தை அமெரிக்காவில் வாங்குதலும் விற்றலும் குற்றம் என்பது அதன் சாரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010 ஆம் ஆண்டு விதி 2013 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. அவுஸ்திரேலியா 2012 இல் ஒரு சட்டம் செய்தது. 2023 இல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி சென்று, மரம் வளர்ந்த நிலத்துண்டு பூமியில் எவ்விடத்தது என்பதையும் இறக்குமதி செய்வோர் காட்டல் வேண்டும் என்று விதித்தது.

இக்கேள்வியை வாங்குவோனிடம் கேட்டல் ஏன் நியாயம் என்பதற்கு நம் இனத்தாரின் துயரம் ஒன்றே சான்றாகும். செஞ்சந்தனம் என்பது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பெரும்பாலும் ஆந்திர நாட்டில், இயற்கையாக வளரும் மரம். 1995 முதல் அது அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் அட்டவணையில் உள்ளது. 1973 இல் கைச்சாத்தான அவ்வுடன்படிக்கையில் இலங்கை 1979 இற் சேர்ந்தது. சீனத்துத் தளவாடத்துக்கும் மருந்துக்கும் அம்மரத்துக்குப் பெருவிலை உண்டு. 2015 ஏப்ரல் 7 ஆம் திகதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தனர். செஞ்சந்தனம் வெட்ட வந்தோர் என்று சொல்லப்பட்ட அவர்கள் தமிழ்நாட்டின் திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களைச் சேர்ந்த ஏழைக் கூலியாட்கள். கொழும்புத் துறைமுகத்திலும் செஞ்சந்தனக் கட்டைகளைச் சுங்கப் பகுதியார் கைப்பற்றிய செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன.

காட்டில் நின்றவன் உயிரிழந்தான். கட்டையை விலைக்குக் கேட்டவன் எங்கோ மாளிகையில் இருந்தான். அவன் கேட்டிராவிடின் இவன் கோடரியோடு மலையேறியிருக்க மாட்டான். சட்டம் காட்டில் மட்டும் நின்றால் அதன் கைக்கு அகப்படுபவன் ஏழையே. சட்டம் துறைமுகத்திலும் நின்றால்தான் விலை கொடுப்பவனும் விடை சொல்ல நேரும். இறக்குமதிக் கட்டுப்பாட்டின் அறம் இதுவே என்று நான் கருதுகின்றேன்.

பெயரிலே உள்ள சிக்கல்

லேசி சட்டத்தில் ஒரு பிரமாணம் என்போன்ற பண்டிதனுக்கு மகிழ்ச்சி தருவது. இறக்குமதி செய்வோர் மரத்தின் அளவும் விலையும் வெட்டப்பட்ட நாடும் எழுதுவதோடு, அதன் விஞ்ஞானப் பெயரையும் எழுதல் வேண்டும். இது வேண்டாத ஆரவாரம் என்று தோன்றலாம், அன்று.

ஈழத்தில் முதிரை என்றால் கதவுக்கும் நிலைக்கும் உகந்த வைர மரத்தை நினைப்போம். நிகண்டும் அகராதியும் பார்ப்பவன் அச்சொல்லுக்குப் பருப்புத் தானியம் என்று பொருள் காண்பான். வன்னியில் இனிய பழந்தரும் பாலை வேறு. தமிழ்நாட்டிற் பால் வடியும் வெட்பாலை வேறு. நாம் கருங்காலி என்று சொல்லும் கரிய மரம் ஒன்று. தமிழ்நாட்டிற் பலர் அப்பெயரால் வழங்கும் முள்மரம் பிறிதொன்று. தேக்கின் பெயரோ உலகெங்கும் திரிகின்றது. ஆபிரிக்கத் தேக்கு என்றும் பிரேசில் தேக்கு என்றும் விற்கப்படுவன தேக்கே அல்ல. பொருள் ஒன்றாய்ப் பெயர் பலவாதலும், பெயர் ஒன்றாய்ப் பொருள் பலவாதலும் இலக்கணம் கற்றார் அறிந்தனவே. மரக்காலையில் அவை இலக்கணமாய் நில்லாமற் களவுக்குத் திரையாகின்றன. மடகாஸ்கர் தீவிலிருந்து முறைதவறி வந்த கருங்காலியைக் கிற்றார் வாத்தியத்துக்கு வாங்கிய காரணத்தால், அமெரிக்க நிறுவனம் ஒன்று 2012 இல் 300,000 டொலர் தண்டம் செலுத்த ஒப்புக்கொண்டது. எந்தக் கருங்காலி, எந்த நாட்டது என்று சுட்டிச் சொல்லும் பெயர் இன்றேல் அவ்வழக்கே நின்றிராது.

முத்திரையின் எல்லை

இவ்வளவும் அறிந்து மகிழ்ந்திருந்த காலத்தில் ஒருநாள், எங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில் மாவைப்போன்ற மெல்லிய தூள் கொட்டிக் கிடக்கக் கண்டேன். பலகையிற் குண்டூசித் தலையளவு துளைகள். முத்திரை இட்ட பலகையே உளுத்திருந்தது! முத்திரையை நம்பி மாணவருக்கு வியாக்கியானம் செய்த என் முகம் வாடிற்று. விவசாயம் படிப்பிக்கும் நண்பர் ஒருவரை அழைத்துக் காட்டினேன்.

அவர் சொன்னார்: "பண்டிதர், முத்திரை பொய் சொல்லவில்லை. சூடேற்றிய அன்று இந்தப் பலகையில் உயிருள்ள பூச்சி இல்லை என்றுதான் அது சொல்லுகின்றது. பிறகு இங்கே வந்த உள்ளூர் வண்டு இதில் ஏறினால் அதற்கு முத்திரை பொறுப்பாகுமோ? மருந்து பூசியிருக்க வேண்டியவர் நீங்கள்."

அவ்விடை எனக்குப் பெரிய பாடமாயிற்று. முத்திரை என்பது ஒரு நாளைய நிலைக்கு ஒருவன் சொல்லும் சாட்சி, அதற்குமேல் அன்று. சாட்சி சொல்பவன் மெய்யனாயின் முத்திரையும் மெய். அவன் கைக்கூலி வாங்கிச் சூடேற்றாத மரத்துக்கும் கதிர்க்குறி இடுவானாயின், களவாடிய மரத்துக்கும் நல்ல மரமென்று கடதாசி எழுதுவானாயின், முத்திரையே களவுக்கு உடந்தையாகிவிடும். பொய்ச்சாட்சி இல்லாத சாட்சியை விடக் கொடியது.

மற்றொரு குறையையும் மறைத்தல் ஆகாது. கட்டுப்பாட்டின் சுமை எல்லார்மேலும் ஒப்ப விழுவதில்லை. பெருநிறுவனம் கடதாசி எழுதுவதற்கென்றே ஆள் வைத்துக்கொள்ளும். தன் வளவில் நின்ற நான்கு மரத்தைத் தறித்து விற்கும் கமக்காரனும், சிறுகைத்தொழில் செய்து ஏற்றுமதியாளருக்குக் கொடுக்கும் ஓடாவியும் நிலத்துண்டின் இடக்குறிப்புக்கும் விஞ்ஞானப் பெயருக்கும் எங்கே போவர்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆம் ஆண்டுச் சட்டம் ஒருமுறைக்கு மேற் பிற்போடப்பட்டதற்கு இத்தகைய முறைப்பாடுகளும் ஒரு காரணம். கேள்வி கேட்கும் அரசு, எளியவன் விடை சொல்வதற்கு வழியும் செய்து கொடுத்தல் வேண்டும். அன்றேல் நல்ல சட்டம் வலியவனுக்கு வேலியாகவும் எளியவனுக்கு முள்ளாகவும் முடியும். இதற்காகச் சட்டமே வேண்டாமென்பது, வேலியில் முள் குத்துகின்றதென்று வளவைத் திறந்துவிடுவது போலாம்.

அண்மையில் நூலகத்துக்குப் புதிய சாளரம் ஒன்று வேண்டியிருந்தது. ஓடாவியாரையும் அழைத்துக்கொண்டு பட்டணத்து மரக்காலைக்குச் சென்றேன். வெளிநாட்டுக் கட்டைகள் அடுக்கிக் கிடந்தன. விலை பேசுமுன், "இந்த மரத்தின் சரியான பெயர் என்ன? எந்த நாட்டிலிருந்து வந்தது? அதற்குக் கடதாசி உண்டா?" என்று வினாவினேன். முதலாளி என்னை மேலுங்கீழும் பார்த்தார். நல்ல மனிதர், சினக்கவில்லை.

"முப்பது வருசமாய் வியாபாரம் செய்யிறன், ஐயா. விலையைக் கேட்பினம், வைரத்தைக் கேட்பினம். இதை ஒருத்தரும் கேட்டதில்லை" என்றார்.

பின்னர் உள்ளே சென்று கடதாசிக் கட்டு ஒன்றை எடுத்து வந்து புரட்டினார். நாட்டின் பெயர் கிடைத்தது. மரத்தின் பெயர் கிடைக்கவில்லை. கொழும்பில் விசாரித்து அடுத்த கிழமை சொல்வதாகச் சொன்னார். சாளரம் அதுவரை பொறுக்கும் என்று திரும்பி வந்தோம். வழியில் ஓடாவியார் வெகுநேரம் பேசாமல் வந்தார். பிறகு, "முந்தி உங்களைப் பகிடி பண்ணினேன், ஐயா. எனக்கும் அந்த மரத்தின்ரை பேர் தெரியாது. பேர் தெரியாத மரத்தைத்தான் இவ்வளவு நாளும் அறுத்திருக்கிறன்" என்றார்.

அடுத்த கிழமை முதலாளி பெயரை அறிந்து சொன்னார். அப்பெயரைச் சாளரச் சட்டத்தின் உட்புறத்தில் எழுதி வைக்குமாறு முன்னர்க் குறியைப் பற்றிக் கேட்ட அம்மாணவனிடமே சொன்னேன், எழுதி வைத்தான்.

அரசாங்கம் துறைமுகத்தில் எத்துணைக் காவல் இட்டாலும், கேட்பார் இல்லாத சந்தையிற் சொல்வாரும் இரார். ஆதலின் இவ்விதழ் வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். கதவுக்கோ கட்டிலுக்கோ மரம் வாங்கச் செல்லுங்கால், விலையையும் வைரத்தையும் கேட்பதோடு இவ்விரண்டையும் கேளுங்கள்: இது நோயற்ற மரமா? இது களவற்ற மரமா? உடனே விடை கிடைக்காமற் போகலாம். பலர் கேட்கத் தொடங்குவராயின், விடை சொல்லவேண்டிய கடமை விற்பவனுக்கும் அவனுக்கு அனுப்பியவனுக்கும் ஒருநாள் வந்தே தீரும்.